பிள்ளைகளுக்குக் கைவினை சொல்லிக்கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

திருகோணமலையில் சனி, ஞாயிறுகளில் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குக் கைவினை சொல்லிக்கொடுத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறீர்கள். காசு வராது, சிலவேளை பசையும் கலர் பேப்பரும் உங்கள் கைக்காசில்தான். ஆனால் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை, ரியூசன் என்று ஓடித்திரிகிற பிள்ளைக்குப் புள்ளி போடாத ஒரு மணித்தியாலம் கிடைத்தால் அது எப்படிக் கதைக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள், அதுதான் முதல் சம்பளம்.

பனையோலையில் தொடங்கலாம். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் வெடிக்கும், நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்தால் வளைந்துகொடுக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னும்போது, வாயே திறக்காத பிள்ளைதான் பக்கத்துப் பிள்ளையின் பின்னலைத் திருத்திக்கொண்டிருக்கும். சின்ன விரல்களுக்குப் பிடிமானம் வரும், அது எழுத்துக்கும் உதவும். எங்கள் ஊரில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே பாயில் இருந்தாலும் பாஷை பெரிய தடையில்லை, கையைப் பார்த்தே செய்துவிடுவார்கள். நீங்களும் நாலு சிங்களச் சொல் பழகிவிடுவீர்கள்.

அப்புறம், ஒரே விஷயத்தை மூன்று விதமாக விளக்கப் பழகுவீர்கள், பொறுமையும் வரும் (கத்தரிக்கோலுக்கு நடக்கிற சண்டையே அதை வரவைக்கும்!). வேலை விண்ணப்பத்திலும் எழுதலாம், ஆனால் அதற்காக மட்டும் போகவேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சரி, முதலில் பக்கத்துப் பாடசாலையிலோ நூலகத்திலோ கேட்டுப்பாருங்கள்.