புது எஞ்சினில் பெல்ட் கருகுவது ஏன்?

வணக்கம். நீரிலும் நிலத்திலும் ஓடும் உங்கள் ஆறு சக்கர வண்டியில் பழைய டூ-ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்தீர்கள், கிளட்ச் மட்டும் பழையது, இப்போது பெல்ட் கருகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எனக்குக் கிளட்ச் மேல்தான் சந்தேகம்.

இந்த வண்டியில் கிளட்ச் என்பது, எஞ்சின் சுற்று கூடும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லி. டூ-ஸ்ட்ரோக் கிளட்சின் ஸ்பிரிங்கும் எடைகளும் பெரும்பாலும் அதிகச் சுற்றுக்கு அமைந்தவை. பொதுப்பயன் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினையோ அதன் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) நிமிடத்துக்குச் சுமார் 3600 சுற்றைத் தாண்ட விடாது. கிளட்ச் முழுதாக இறுகும் முன்பே எஞ்சினின் வேகம் முடிந்துவிடுகிறது. பெல்ட் வழுக்கிச் சூடாகிறது. குறைந்த சுற்றிலேயே பிடிக்கும் கிளட்ச் வாங்குங்கள். அதற்குமுன் கிளட்ச் மாட்டும் கிராங்க் தண்டு (எஞ்சினின் சுழல்தண்டு) முனை நேரானதா கூம்பா, விட்டம் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். கூம்பு என்றால் இரு பரப்பையும் சுத்தமாகத் துடைத்து உலர்வாக மாட்டுங்கள், கிரீஸ் வேண்டாம்.

அப்புறம், பெல்ட் ஓடும் இரு புல்லிகளின் (எஞ்சின் பக்கக் கிளட்ச், எதிரே இருக்கும் புல்லி) மைய இடைவெளியையும் நேர்கோட்டையும் நேரான கம்பி வைத்துப் பாருங்கள். நான் இதைக் கண்ணளவில் விட்டதில் பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து போனது.

தரையில் நன்றாக ஓட்டிப் பார்த்த பிறகே தண்ணீரில் இறக்குங்கள். அங்கே சக்கரம்தான் துடுப்பு. நடுநீரில் பெல்ட் அறுந்தால் கரைக்கு வருவது பெரும்பாடு.