பயாஸில் கைவைத்த பிறகு திரை வரவில்லையா?

கேள்வி: கணினியின் வேகத்தைக் கூட்ட பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை (நினைவகமான ராமை அதிக வேகத்தில் ஓடவிடும் தயார் அமைப்பு) ஆன் செய்து, ராம் வோல்டேஜையும் கொஞ்சம் மாற்றினேன். இப்போது மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. விண்டோஸை மறுபடி போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் வரை கணினி போகவே இல்லை. ராம் புதிய வேகத்தில் நிலைகொள்ளாததால் பயாஸ் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. பழுதானது ஹார்டு டிஸ்க் அல்ல. அதில் இருப்பதற்கு ஆபத்தில்லை.

முதலில் காத்திருங்கள். ராம் அமைப்பை மாற்றியதும் மதர்போர்டு அதைப் புதிதாகச் சோதித்துப் பழகும். டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் என்றால் இதற்கே சில நிமிடங்கள் ஆகலாம். பயந்துபோய் நடுவில் அணைப்பவர்கள்தான் அதிகம். பத்து நிமிடம் கழித்தும் திரை இருட்டாகவே இருந்தால் இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பல போர்டுகள் தொடர்ந்து தோற்றால் தாமாகவே பழைய வேகத்துக்கு இறங்கிவிடும்.

அதற்கும் மசியவில்லையா? சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடத்தை, அழிக்க வேண்டியதுதான். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்; மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். சிமாஸை அழிப்பதற்கென்றே போர்டில் இரண்டு பின்கள் இருக்கும். எங்கே என்பது கையேட்டுப் படத்தில் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டையும் பத்து விநாடி தொட்டுப் பிடித்தால் போதும். வேறு பின்களைத் தொட்டுவிடாதீர்கள். சில போர்டுகளில் பின்பக்கம் பட்டனே உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி மாட்டுங்கள். பாழாய்ப்போன பேட்டரி பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்! அமைப்புகளை ஃபிளாஷ் சிப்பில் வைத்திருக்கும் போர்டுகளில் பேட்டரியைக் கழற்றுவது மட்டும் பலன் தராது. அங்கே பின்கள்தான் வழி. அப்போதும் திரை வராவிட்டால் ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டிப் பாருங்கள். நான்கு இடங்கள் உள்ள போர்டில் அதை மாட்ட வேண்டியது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது இடம்.

பலர் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். திரை வந்துவிடும், விண்டோஸ் வராது. எக்ஸ்எம்பி மட்டுமல்லாமல் எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குப் போயிருப்பதே காரணம். நீலத்திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் சாட்டா மோட் (டிஸ்க்கோடு கணினி பேசும் முறை) மாறியிருக்கும். முன்பு ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) இருந்ததா, ஏஹெச்சிஐ (வழக்கமான முறை) இருந்ததா என நினைவில்லாவிட்டால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஆனால், பல டிஸ்க்குகளை உண்மையிலேயே ரெய்டாக இணைத்திருந்தால் அந்த விளையாட்டு வேண்டாம், ரெய்டையே வையுங்கள். டிஸ்க் பூட் பட்டியலிலேயே இல்லையென்றால், அது எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்காக இருக்கலாம். பழைய முறை டிஸ்க்கிலிருந்தும் கணினியைத் தொடங்கவிடும் சிஎஸ்எம்-ஐ பயாஸில் ஆன் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். வேறொரு கருவியில் நுழைந்து பாருங்கள்.

எக்ஸ்எம்பியை மறுபடி போட ஆசையிருந்தால் வோல்டேஜைத் தொடாதீர்கள். அதை அந்த ப்ரொஃபைலே அமைத்துக்கொள்ளும். டிடிஆர்5-க்கு முந்தைய வகையான டிடிஆர்4-இல் இயல்பு 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பெரும்பாலும் 1.35. நிலைக்கவில்லையென்றால் ராம் வேகத்தை 3600-லிருந்து 3400, பிறகு 3200 எனப் படிப்படியாக இறக்குங்கள். தனித்தனியே வாங்கிய ராம்களைக் கலந்து மாட்டியிருந்தால் அந்த வேகத்தை மறந்துவிடுவதே நல்லது.