லா எங்கே விழுகிறது?

வணக்கம் அம்மா,

நான் திருநெல்வேலிக்காரன். வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து நாலு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் எல்லாரும் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறார்கள். கலந்து பழகலாமே என்று நானும் போட ஆரம்பித்தேன். போன வாரம் கூட வேலை பார்க்கும் மலாய்க்கார அக்காவிடம், "வென் யூ வில் செண்ட் லா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. லா என்பது அர்த்தமில்லாத ஒட்டுதானே? இந்த உடைந்த ஆங்கிலத்தை விட்டுவிட்டு நல்ல ஆங்கிலமே பேசிவிட்டால் என்ன?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த அக்காவின் வருத்தம் நியாயமானது. "எப்ப அனுப்புவீங்க" என்பது கேள்வி. அதன் வாலில் லா விழுந்தால், "எப்பத்தான் அனுப்புவீங்களாம்" என்று காதில் ஏறும். நீங்கள் நெருக்கம் காட்ட நினைத்தீர்கள், அவருக்குச் சலிப்பு கேட்டது. அர்த்தமில்லாத ஒட்டு என்றால் அவர் ஏன் வருந்த வேண்டும்?

எனக்கு லாவின் எடை புரிந்தது பத்து வயதில், தைப்பிங் ஊர்ச் சந்தையில். அம்மா கெம்போங் மீன் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். பேரம் பேசத் தெரிந்தவள் போல மீன்காரரிடம், "கூராங் சிக்கிட்!" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவருக்கு எடை போடப் போய்விட்டார். மறுநாள் அம்மா கூடவே வந்தார். அதே இரண்டு சொல், கடைசியில் ஒரு லா: "கூராங் சிக்கிட் லா, பாங்." மீன்காரர் சிரித்துக்கொண்டே குறைத்தார். நான் சொன்னது "கொஞ்சம் குறை." அம்மா சொன்னது "கொஞ்சம் குறைங்களேன், அண்ணே."

'குறைங்களேன்' என்பதன் வாலில் வரும் அந்த 'ஏன்' தான் தம்பி, லா. "உட்காருங்க" என்பதற்கும் "உட்காருங்களேன்" என்பதற்கும் உள்ள தூரம்தான் 'டுடுக்' என்பதற்கும் 'டுடுக்லா' என்பதற்கும். இது தெருவில் பிறந்த சொல்லும் அல்ல. மலாய் இலக்கணத்தில் முறையாக இடம்பெற்ற ஒட்டு; பழைய ஹிகாயாத் கதைகளில் அரசர்கள் பேசும்போதும் வருகிறது. 'இனிலா ரூமா சாயா' என்றால் 'இதுதான் என் வீடு'. ஆக, கட்டளையில் 'ஏன்' ஆகிறது, பெயரில் 'தான்' ஆகிறது. இங்கே பேசும் ஆங்கிலத்துக்கு லா மலாயிலிருந்து வந்ததா, சீனப் பேச்சிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஹொக்கியன், கண்டோனீஸ் இரண்டிலும் இப்படி ஒன்று உண்டு.

மலாயில் இப்படி வரும் மற்றச் சொற்களையும் தமிழ்க் காதோடு கேட்டுப் பாருங்கள். 'கான்' என்பது 'புக்கான்', அதாவது 'அல்ல' என்பதன் குறுக்கம். "டியா டா பாலேக், கான்?" என்பது "அவர் போயிட்டாருல்ல?" நாமும் இல்லை என்ற சொல்லைத்தானே ஆமாம் வாங்குவதற்கு வாலில் கட்டுகிறோம்! 'பூன்' நம் 'உம்': சாயா பூன் என்றால் நானும். 'கொட்' என்றால் போலிருக்கு. எனக்கு மிகவும் பிடித்தது 'புலாக்'. குடை இல்லாமல் வாசலில் நிற்கும்போது "ஹூஜான் புலாக்" என்பார்கள். "மழை வேற!" இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்து வழியில்லை.

சீன நண்பர்கள் வாயில் "கேன் மே?" என்றால் "முடியுமாக்கும்?" என்ற ஐயம். "கேன் லோர்" என்றால் "சரி, அப்படியே ஆகட்டும், வேற என்ன செய்ய." "கேன் லா" என்றால் "முடியும், கவலைய விடுங்க." மலாயில் 'முடியும்' என்பதற்கு 'போலே'. ஆனால் சாப்பாடு எப்படி என்று கேட்டு "போலே லா" என்று பதில் வந்தால் மகிழ வேண்டாம். ஏதோ பரவாயில்லை என்று பொருள்.

இத்தனை மனநிலைகளை ஓர் அசையில் வைக்கிற பேச்சை உடைந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. சிங்கப்பூர் அரசு 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று ஓர் இயக்கமே தொடங்கியது. வெளிநாட்டாருக்குக் கடிதம் எழுத அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே லாவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நம் தொல்காப்பியர் ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு பொருள் என்று எண்ணி வைத்தவர். இடைச்சொல்லுக்கு ஒரு முழு இயலே ஒதுக்கிய மொழியில் பிறந்துவிட்டு ஓரசைச் சொல்லை நாம் ஒட்டு என்று தள்ளலாமா?

லாவை விட வேண்டாம். கொஞ்ச நாள் போடாமல் கேளுங்கள். 'மாமாக்' எனப்படும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, 'தே தாரேக்' என்ற ஆற்றிய பால் தேநீர் குடித்தபடி, யார் யாரிடம், எந்தச் சொல்லுக்குப் பின் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். தெரியாத விஷயத்தைக் கேட்கும் கேள்வியில் வைக்காதீர்கள். அங்கே 'தாக்' இருக்கிறது: "காக், போலே ஹந்தார் ஹாரி இனி தாக்?" இன்றைக்கு அனுப்ப முடியுமாக்கா என்று பணிவாகவே விழும்.

நாளைக்கே அவரிடம் போய், "சாரி காக், எனக்கு லா எங்கே போடுறதுன்னு தெரியல" என்று சொல்லுங்கள். அநேகமாக அவர் "தாக் அப்பா லா" என்பார். அந்த லாவை நன்றாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "பரவாயில்ல, விடுங்க தம்பி" என்று அர்த்தம்.

அன்புடன்.