பச்சை வாந்தியும் சிறுதுளை அறுவையும்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை அறுவை மருத்துவர் பதில்

கேள்வி: பச்சிளங்குழந்தை வாந்தி எடுத்தால், குடல் ஏறிவிட்டது என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவது எங்கள் வழக்கம். பேரனுக்கு அறுவை நடந்த பிறகு, அது கூடாது என்கிறாள் மருமகள். அதில் என்ன தவறு? (ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த்)

பதில்: மருமகள் சொல்வதே சரி, அம்மா. திரிந்த பாலை வெள்ளையாகக் கக்குவது வேறு; பித்தம் கலந்து கீரைச்சாறு போலப் பச்சையாக வாந்தி எடுப்பது வேறு. கரு வளரும்போது தொப்புள்கொடிக்குள் சென்று திரும்பும் குடல், இடஞ்சுழியாக 270 பாகை சுழன்று வயிற்றில் அகலமாக நிலைகொள்ள வேண்டும். அந்தச் சுழற்சி பாதியில் நின்றுபோனால், குடலை வயிற்றின் பின்சுவரோடு இணைக்கும் சவ்வான குடல்தாங்கியின் அடி குறுகி, குடலின் பெரும்பகுதி ஒற்றைக் காம்பில் தொங்குவதுபோல் ஆகிவிடும். அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். நீவுவதால் முறுக்கு அவிழாது, நேரம்தான் போகும். பச்சைக் கறை படிந்த துணியை அலசாமல் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால், தென்னாப்பிரிக்காவின் ஆம்புலன்ஸ் எண்ணான 10177க்கு அழையுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. பேரியம் எக்ஸ்ரேயில் சுழற்சிப் பிறழ்வு தெரிந்தது, முறுக்கு இல்லையாம். மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டில்) பார்த்த மருத்துவர், சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழைத்துச் செய்யும் சிறுதுளை அறுவை போதும் என்கிறார். அரசு மருத்துவமனையில் வயிற்றைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். யாரை நம்புவது? (ஒரு தந்தை, ஃபீனிக்ஸ்)

பதில்: இருவர் சொல்வதும் தவறன்று, ஐயா. பாஸ்டன் மருத்துவர் வில்லியம் லாட் 1936இல் விவரித்த வேலைதான் இரண்டிலும் நடக்கிறது: முன்சிறுகுடலை அழுத்தும் சவ்வுப் பட்டைகளை வெட்டி, குடல்தாங்கியின் அடியை விரித்து, சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் வைப்பார்கள். சிறுதுளை முறையில் வலியும் தழும்பும் குறைவு. குழந்தை விரைவில் சாப்பிடத் தொடங்கி வீடு திரும்பும். ஆனால் திறந்த அறுவைக்குப் பின் உள்ளே உண்டாகும் ஒட்டுத்திசுக்கள், பிற்காலத்தில் குடலடைப்பைத் தரக்கூடியவை என்றாலும், குடலை இடம்பெயராமல் பிடித்து வைக்கவும் உதவுகின்றன என்பது பல மூத்த மருத்துவர்களின் கருத்து. சிறுதுளை முறையில் அந்தப் பிடிமானம் குறைவதால், மறுபடி முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்றே நானும் கருதுகிறேன். இருப்பினும், முறுக்கில்லாத ஆறு வயதுக் குழந்தைக்கு, கைதேர்ந்தவர் கிடைத்தால், சிறுதுளை முறையையே நான் முதலில் சொல்வேன். இதுவரை எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார், குடல்தாங்கியைப் போதிய அளவு விரிக்க முடியாவிட்டால் அப்போதே வயிற்றைத் திறப்பாரா என்ற இரண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: குடல் முறுக்கிய பச்சிளங்குழந்தைக்கும் சிறுதுளை முறை பொருந்துமா? (ஒரு செவிலியர், டொங்காட்)

பதில்: சில மையங்களில் செய்கிறார்கள். ஆனால் வீங்கிய குடல் அந்தச் சிறு வயிற்றை அடைத்துக்கொண்டிருக்க, திரையைப் பார்த்தபடி முறுக்கின் திசையறிந்து அவிழ்ப்பது எளிதன்று. உடல்நிலை மோசமான குழந்தைக்கு நான் தயங்காமல் வயிற்றைத் திறப்பேன்.

கேள்வி: சுழற்சிப் பிறழ்வுக்கு என் குழந்தைக்கு அறுவை செய்தபோது, நன்றாக இருந்த குடல்வாலை ஏன் எடுத்தார்கள்? மறுபடி முறுக்கு வருமா? (ஒரு தாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இந்த அறுவைக்குப் பின் குடல்வால் இடப்புறம் போய்விடும், பின்னாளில் அது அழற்சியடைந்தால் வலி வழக்கமான இடத்தில் இராது, கண்டறியத் தாமதமாகும். அதனால்தான் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். மறுமுறுக்கு அரிது, எந்த முறையில் செய்தாலும் அறவே வராது என்று சொல்ல முடியாது. எந்த வயதிலும் பச்சை வாந்தி வந்தால், மருத்துவமனையில் தந்த சுருக்கக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.