அட்டைக் கட்டங்களும் நிழலும்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்துக் கலைஞர் யான் ஸ்கூன்ஹோவனின் (Jan Schoonhoven) வெள்ளைப் புடைப்போவியங்களைப் படங்களில் பார்த்து, பார்சல் அட்டைப்பெட்டியை வெட்டி அதேபோல் செய்தேன். பலகை வளைந்துவிட்டது, கட்டங்கள் கோணலாகிவிட்டன. சுவரில் மாட்டினால் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது. எங்கே தவறு?
ர.

அன்புள்ள ர.,

டெல்ஃப்ட் நகரத்துக்காரரான ஸ்கூன்ஹோவன் (1914–1994) பகலில் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அட்டையும் செய்தித்தாளும் வெள்ளைப் பெயின்டும்தான் அவருடைய பொருட்கள். நிறம் இல்லாததால் கோடு போடும் வேலை முழுக்க நிழலுடையது.

முதலில் கோணல். 60 செ.மீ. சதுரத்தில் 5 செ.மீ. கட்டங்கள் என்றால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக 22 பட்டைகள் வரும், ஒவ்வொன்றிலும் 11 வெட்டு. முந்தைய வெட்டிலிருந்து அடுத்ததை அளந்திருப்பீர்கள். தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பதினோராவது வெட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து குறியுங்கள்: 5, 10, 15 என்று. பட்டையின் உயரம் 3 செ.மீ., வெட்டின் ஆழம் அதில் பாதி, அகலம் அட்டையின் தடிமன். பாதிப் பட்டைகளுக்கு மேலிருந்தும் மீதிக்குக் கீழிருந்தும் வெட்டிக் கோத்துவிடலாம். அட்டைக்குள் இருக்கும் நெளிவுக் குழாய்கள் பட்டையின் நீளவாக்கில் ஓடவேண்டும். உயரவாக்கில் ஓடினால் வெட்டிய இடத்திலேயே மடங்கும், மேல் விளிம்பில் ஓட்டைகளும் தெரியும்.

வளைவுக்குக் காரணம் ஈரம். பசையில் ஊறி விரிந்த தாள் காயும்போது சுருங்கி, பலகையைத் தன் பக்கம் இழுக்கும். 6 மி.மீ. பிளைவுட் எடுத்து, முன்னால் செய்தித்தாள் ஒட்டும் அன்றே பின்னாலும் அதே அளவு ஒட்டுங்கள். இழுப்பு சமமாகிவிடும். மைதாப் பசை என்றால் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள்.

பெயின்ட் மேட் எமல்ஷனாக இருக்கட்டும். பளபளப்பு வகை நிழலைத் தின்றுவிடும். ஒரே பூச்சாக அப்பினால் அட்டை ஊதும். மெல்லிய பிரைமர் ஒன்று, அது நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய பூச்சு இரண்டு அல்லது மூன்று போதும். விளிம்புகளில் வரும் சிறு நடுக்கத்தை உப்புத்தாள் போட்டு அழிக்காதீர்கள். லேசரில் வெட்டியதுபோல் இருந்தால் இந்தக் கலையில் பார்க்க ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

எதிர்ச்சுவரில் டியூப் லைட் இருக்கிறதா? நேர் வெளிச்சத்தில் நிழல் விழாது. விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். சுவரோடு 45 பாகையில் ஒளி வந்தால் 3 செ.மீ. நிழல், கட்டத்தில் பாதிக்கு மேல். 30 பாகைக்கு இறக்கினால் கட்டமே இருண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்.