வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேய்ப் படமா?

கேள்வி: எனக்கு 31 வயது. போரூரில் கணவர், மாமியார், யு.கே.ஜி. படிக்கும் மகனோடு இருக்கிறேன். சோழிங்கநல்லூரில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. சாப்ட்வேர் ரிலீஸ் நெருங்கும் வாரங்களில் தலை வெடித்துவிடும் போல இருக்கும். அந்த நாட்களில் எல்லாரும் தூங்கின பிறகு ஹாலில் பேய்ப் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் மனசு லேசாகிறது. புதுப் படம்கூட இல்லை, பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கணவருக்குப் பேய்ப் படம் என்றாலே ஆகாது. 'மனசு கஷ்டமா இருந்தா யாராவது பேயைப் பார்ப்பாங்களா? டாக்டரைப் போய்ப் பாரு' என்கிறார். இந்த வருடம் அக்டோபர் 31 அன்று கல்லூரித் தோழிகள் நாலு பேரை வீட்டுக்கு அழைத்து ஹாலோவீன் கொண்டாட ஆசை. வாசலில் எலும்புக்கூடு, முகம் செதுக்கிய பூசணிக்காய், சிக்கன், படம், அப்புறம் நடுராத்திரியில் காரில், பேய் இருப்பதாகச் சொல்கிற டிமான்ட்டி காலனிவரை ஒரு ரவுண்டு. மாமியாரோ, 'வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல எலும்புக்கூடா? விளங்கினாப்லதான்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கு உண்மையிலேயே ஏதாவது மனக்கோளாறா? நான் ஆசைப்படுவது தப்பா?
– பெயர் வேண்டாம், போரூர்

பதில்: முதலில் டாக்டர் விஷயத்தை முடித்துவிடுவோம். பேய்ப் படம் பிடிக்கிறது என்பதற்காக யாரும் டாக்டரிடம் போக வேண்டியதில்லை. போக வேண்டுமென்றால் இந்த ஊரில் பாதிப் பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 2005-இல் வந்த சந்திரமுகி அண்ணா சாலை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. கதை தெரியாமலா அத்தனை நாளும் ஜனம் போனது? எந்த அறைக் கதவு திறக்கும், ஜோதிகா எப்போது கண்ணை உருட்டுவார் என்று தெரிந்துகொண்டே டிக்கெட் எடுத்தவர்கள் அதில் எத்தனையோ பேர். பண்டிகை நாளில் டிவியில் அதைப் போட்டால் உங்கள் மாமியார் சேனலை மாற்றுகிறாரா என்று கவனித்துப் பாருங்கள். நீங்கள் நள்ளிரவில் தனியாகச் செய்வதை ஊர் பட்டப்பகலில் கூட்டமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

பயம் எப்படி ஆறுதலாகும் என்று கணவர் கேட்பது நியாயமான கேள்வி. உங்கள் ரிலீஸ் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த பக் (சாப்ட்வேர் பிழை) எப்போது கிளம்பும், யார் எந்த நேரத்தில் 'ஒரு சின்ன கால்' என்று கூப்பிடுவார்கள், எதுவும் தெரியாது. போன் அதிர்ந்தால் வயிற்றைப் பிசைகிறது. எடுத்துப் பார்த்தால் பேங்க் மெசேஜாக இருக்கும். ஆனால் படபடப்பு அடங்க அரை மணி நேரம் ஆகும். அந்தப் பயத்துக்கு உருவமும் கிடையாது, முடிவும் கிடையாது. படத்தில் அப்படியில்லை. கதாநாயகி பீரோ கண்ணாடியைத் துடைப்பாள், பின்னால் நிழல் நகரும், உங்கள் இதயம் எகிறும், அவள் திரும்புவாள், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். நீங்கள் மூச்சு விடுவீர்கள். நாள் முழுக்க வெளியே வர வழியில்லாமல் உடம்புக்குள் கிடந்த படபடப்பு, வெளியேற ஒரு சாக்குக் கிடைத்து வெளியேறுகிறது. நிஜ ஆபத்துக்கு ஓடும் அதே அட்ரினலின்தான் அப்போதும் ஓடுகிறது. ஆனால் நம் ஹால், நம் சோபா, கையில் ரிமோட் என்பது மனசுக்குத் தெரிந்தே இருக்கிறது. பயத்தில் ஏறிய பரபரப்பு சட்டென்று வடியாமல், பின்னால் வரும் நிம்மதியோடு சேர்ந்து அதைக் கூடுதலாக இனிக்க வைக்கிறது என்று டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே பார்த்த படம் என்றால் இன்னும் வசதி. யார் சாவார், யார் பிழைப்பார் என்று தெரியும். ரிலீஸ் வாரத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதானே!

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. விளையாட்டாகப் பயப்படுவதுதான் அவர்கள் பாடம். பயமுறுத்தவென்றே அமைத்த ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். கொஞ்சமாகப் பயந்தவர்களுக்கு சப்பென்று இருந்தது, அளவு மீறிப் பயந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை, நடுவே இருந்தவர்கள்தான் ரசித்தார்கள். 2021-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கொரோனாவின் தொடக்க மாதங்களில் திகில் பட ரசிகர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மனம் கலங்கியிருந்ததாகத் தெரிந்தது. இதைக் கணவரிடம் காட்டலாம். ஆனால் 'பார்த்தீங்களா, பேய்ப் படம் பார்த்தா தைரியம் வரும்' என்று சொல்லிவிடாதீர்கள். இயல்பிலேயே கொஞ்சம் திடமானவர்கள்தான் இந்தப் படங்கள் பக்கம் போகிறார்களோ என்னவோ. எது முந்தி, எது பிந்தி என்று அந்த ஆய்வை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

அந்தப் பேய் வீட்டுக் கணக்கு உங்கள் கணவருக்கும் பொருந்தும். உங்களுக்கு நடுவாக இருப்பது அவருக்கு உச்சமாக இருக்கலாம். சிலருக்கு அந்த முகம் மூன்று நாள் கண்ணை விட்டுப் போகாது, பாத்ரூமுக்குப் போகவே தயங்குவார்கள். அதற்குப் பெயர் கோழைத்தனம் கிடையாது. தோழிகள் முன்னால் அதை வைத்துக் கிண்டல் செய்யாதீர்கள், 'ஒரே ஒரு படம்' என்று பக்கத்தில் பிடித்து உட்கார வைக்கவும் வேண்டாம்.

அவர் டாக்டர் என்று சொல்வதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்றும் எனக்கு ஒரு சந்தேகம். படம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. எல்லாரும் தூங்கின பிறகு ஆரம்பித்தால் ஒன்று, ஒன்றரை ஆகும். காலையில் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு சோழிங்கநல்லூர்வரை போக வேண்டும். அவர் கண்ணில் படுவது திரையில் தெரியும் பேயைவிட, தூங்காத மனைவியின் முகமாக இருக்கும். ரிலீஸ் வாரத்தில் முழுப் படம் வேண்டாம். உங்களுக்குத்தான் மனப்பாடமாயிற்றே, பிடித்த இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் பாருங்கள், போதும். படம் ஓடாவிட்டால் தூக்கமே வரவில்லை, படம் முடிந்த பிறகும் பதற்றம் அடங்கவில்லை, பழைய கெட்ட நினைவு ஏதாவது கிளம்புகிறது என்ற நிலை வந்தால் அப்போது ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அப்படி எதுவும் கடிதத்தில் தெரியவில்லை.

இனி, நீங்கள் ஒரே வார்த்தையில் கடந்துபோன ஒருவருக்கு வருகிறேன். யு.கே.ஜி. படிக்கும் மகன். ஹாலில் படம் ஓடும்போது அவன் உள்ளறையில் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுக்குமாடி வீட்டுக் கதவு சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேய்ப் படத்தில் பாதி வேலையைச் செய்வது சத்தம்தான்: கதவு கிறீச்சிடுவது, மாடியில் யாரோ நடப்பது, குழந்தைக் குரலில் ஒரு பாட்டு, அப்புறம் திடீரென்று ஒரு டமார். படம் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்டால் உருவத்தை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான், அது இயக்குநர் காட்டியதைவிட மோசமாக இருக்கும். இந்த வயதில் 'இது படம்தான்' என்று பகலில் தலையாட்டுவார்கள். ராத்திரி இருட்டில் அந்தச் சமாதானம் கைகொடுக்காது. தண்ணீர் கேட்டு எழுந்து வந்து சோபாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு நிறைய அம்மாக்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஹெட்போன் கட்டாயம். ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 31-ஆம் தேதிக்கு முகமூடி வாங்கினால் பகலிலேயே அவன் முன்னால் மாட்டிக் காட்டுங்கள். அம்மா முகம் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அவன் பார்க்கட்டும், அவனே மாட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகும் அழுதால் முகமூடி பீரோவுக்குள் போய்விட வேண்டும். இதில் மட்டும் நான் உங்கள் கட்சி இல்லை.

மாமியார் விஷயம். 'நம்ம ஊர்லயும் மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டுறாங்களே' என்று வாதத்துக்குப் போகாதீர்கள். மாசி மாதத்தில் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி வேஷம் கட்டுபவருக்கு அது வேண்டுதல். நீங்கள் செய்யப்போவது கேளிக்கை. அவர் இரண்டே வாக்கியத்தில் உங்களை மடக்கிவிடுவார். ஹாலோவீன் என்றால் என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அயர்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது, அந்த ராத்திரி செத்தவர்கள் வந்து போவார்கள் என்று நம்பினார்கள். பிறகு கிறிஸ்தவத்தில் நவம்பர் 1 புனிதர்கள் எல்லாருக்குமான திருநாள் ஆனது, அதற்கு முந்தின ராத்திரிதான் இது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவத்தியுமாக எவ்வளவு கூட்டம் என்று அவரே பார்த்திருப்பார். செத்தவர்களை நினைக்கும் நாட்கள் என்றால் அவருக்குப் புரியாமல் போகாது. பிடிக்காமல் போகலாம், அது வேறு.

அவர் சொன்னதில் கவனிக்க வேண்டியது இரண்டு சொற்கள்: வெள்ளிக்கிழமை, வாசல். இரண்டையும் அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். ஆறு மணிக்கு விளக்கேற்றட்டும், வாசலில் கோலம் கோலமாகவே இருக்கட்டும். எலும்புக்கூடு உங்கள் அறையிலோ பால்கனியிலோ தொங்கலாம். கொண்டாட்டம் எட்டு மணிக்கு மேல். சிக்கன் இந்த வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். கோபத்தில் பாதி எலும்புக்கூட்டுக்கு இல்லை, சிக்கனுக்குத்தான் என்று நினைக்கிறேன். பன்னீர், பஜ்ஜி, பாப்கார்ன் என்று வையுங்கள். அவருக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.

பூசணிக்கு அவர் முகம் சுளிக்கமாட்டார். ஆயுத பூஜைக்குக் குங்குமம் தடவி உடைத்தவர்தானே! எதிரில் கட்டிடம் எழும்பினால் அங்கேயும் கோரைப்பல்லும் மீசையுமாகத் திருஷ்டிப் பூசணி தொங்கும். அது வெள்ளைப் பூசணி; உங்களுக்கு வேண்டியது பரங்கிக்காய். படத்தில் வருகிற மாதிரி உள்ளே பெரிய கூடாக இருக்காது, நம்மூர்ப் பரங்கிக்குச் சதை அதிகம். முழுதாகப் பழுத்த, அடிப்பக்கம் தட்டையான காயாகப் பார்த்து, காம்பைச் சுற்றி மூடி மாதிரி அறுத்து, விதையும் நாரும் போக ஒரு விரல் கனம் விட்டு மீதியைக் கரண்டியால் சுரண்டுங்கள். சுரண்டிய சதையை மாமியாரிடம் கொடுத்தால் புளிக்குழம்பு வந்துவிடும். முதல் நாள் ராத்திரிதான் செதுக்க வேண்டும், சென்னைப் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அயர்லாந்தில் டர்னிப்பில்தான் செதுக்கினார்கள், அமெரிக்கா போன பிறகு பூசணிக்கு மாறினார்கள். கத்தி வழுக்கும், பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள். உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு.

டிமான்ட்டி காலனி வேண்டாம். அது ஆழ்வார்பேட்டையில் செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டிய இடம்; ஜான் டிமான்ட்டி என்ற பழைய காலத்து வணிகரின் பெயரில் இருக்கிறது. சுற்றிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடுராத்திரியில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு வருகிறவர்களால் தூக்கம் கெடுவது அவர்களுக்குத்தான். ஐந்து பெண்கள் அந்த நேரத்தில் தெருவில் நின்றால் போலீஸ் ரோந்தும் கேள்வி கேட்கும். பேய் வராது, ஏமாற்றம்தான் மிச்சம்.

எட்டரைக்குப் படத்தைப் போட்டால் பதினொன்றுக்குள் முடிந்துவிடும், தோழிகளுக்கும் கேப் கிடைக்கும். மகனைத் தூங்க வைக்கும் பொறுப்பை அன்றைக்குக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஹாலுக்கு வராமலிருக்க அவருக்கும் ஒரு கௌரவமான காரணம் கிடைத்த மாதிரி இருக்கும்.