வாசகர் கேள்வி–பதில்: நள்ளிரவில் ஏன் மலையேற வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பணிபுரியும் என் மருமகன், அங்குள்ள மவுண்ட் ஹூட் எரிமலையில் மே மாதத்தில், அதுவும் நள்ளிரவில், ஏறப்போவதாகச் சொல்கிறார். பனி பெரிதும் உருகிவிட்ட ஆகஸ்டில், பகல் வெளிச்சத்தில் ஏறுவதுதானே பாதுகாப்பு?
– வாசகி ஒருவர், தென்காசி

பதில்: மாதத்திலும் நேரத்திலும் உங்கள் மருமகனின் கணக்கே சரி. 3,429 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, எரிமலைக் குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. உச்சிக்கு அருகே இன்றும் கசியும் அமிலத்தன்மை கொண்ட வாயுக்கள், அங்குள்ள பாறைகளைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக மாற்றி வருகின்றன. இவ்வாறு தளர்ந்துபோன கற்களை இறுகப் பிடித்து வைத்திருப்பது உறைந்த பனிக்கட்டிதான். கோடையில் அந்தப் பிடி விட்டுப்போவதால் கற்கள் ஓயாமல் உருண்டு வருகின்றன. ஆகவே, அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதிக்குள் ஏறி முடித்துவிடுகிறார்கள்.

நள்ளிரவில் கிளம்புவதற்கும் காரணம் இதுவே. பசிபிக் கடலின் ஈரக்காற்று உச்சிப் பாறைகளில் உறைந்து தடித்த பனிப்பாளங்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். காலை வெயில் பட்டதும் அவை பெயர்ந்து, ஏறுவோரின் தலைக்கு மேலே விழத் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே வந்துவிட வேண்டும்.

இதனால் மே மாதம் ஆபத்தற்றது என்று ஆகிவிடாது. உச்சிக்குக் கீழுள்ள சரிவில் வசந்தத்தின் பிற்பகுதியில் பெரும் பனிப்பிளவு ஒன்று வாய் திறக்கிறது. 2002 மே 30 அன்று, கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்த ஒரு குழு சறுக்கி, வழியிலிருந்த மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு அதனுள் விழுந்ததில் 3 பேர் இறந்தனர். மீட்கச் சென்ற ஹெலிகாப்டரும் அங்கேயே விழுந்து நொறுங்கியது. கயிறு உயிர்காக்கும் என்று நம்புவோர், அதைப் பனியில் ஊன்றாமல் ஒருவரோடொருவர் கட்டிக்கொள்வதால் மட்டும் பயனில்லை என்பதையும் அறிய வேண்டும்.

1986 மே மாதத்தில் புயலில் சிக்கிப் பனியைக் குடைந்து ஒதுங்கிய பள்ளிக் குழுவில், மாணவர்களும் பெரியவர்களுமாக 9 பேர் இறந்தனர். கண் தெரியாத வெண்மூட்டத்தில் சரிவின் போக்கிலேயே இறங்குவோர், நேர் தெற்கிலுள்ள விடுதியை அடையாமல், மேற்கே விலகிச் செங்குத்துப் பாறைகளின் விளிம்புக்குப் போய்விடுவார்கள். திசைகாட்டியைக் கையில் வைத்திருந்தால் போதாது. அதைப் பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். முந்தைய இரவு பனி நன்றாக உறையவில்லை என்றாலோ, வானிலை கெடும் என்ற அறிவிப்பு இருந்தாலோ, பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பனி மூடிய எரிமலை வெடிக்காவிட்டாலும் வாயுவால் ஆபத்து உண்டா?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: உண்டு. வாயு வெளியேறும் துளையின் வெப்பம், மேலே மூடியிருக்கும் பனியை அடியிலிருந்து உருக்கிக் குகையாக்கிவிடுகிறது. மேற்பரப்பில் அதற்கான அறிகுறியே தெரியாமலும் இருக்கலாம். காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு அந்தக் குழியில் தேங்கி நிற்கும். கலிபோர்னியாவின் மம்மத் மலையில் 2006 ஏப்ரலில், பனிச்சறுக்குக் காவலர்கள் இருவர் இத்தகைய துளையில் விழுந்தனர். அவர்களைக் காப்பாற்ற இறங்கிய மூன்றாமவரும் இறந்தார். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றத்தையும் நம்ப முடியாது; செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். குழியில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், பிராணவாயுக் கருவியும் கயிறும் இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.